மூட்டுகளைத் தடவிப் பாருங்கள்
சிறு பாய்மரப் படகுகள்: வாசகர் கேள்வி – பதில்

கே: ஐயா, பதினெட்டு, இருபது அடியில் பழைய ஃபைபர் பாய்மரப் படகு ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். எந்தக் கம்பெனிப் படகு உறுதியாக இருக்கும்? ஒரு பெயர் சொன்னால் போதும்.

ப: பெயர் சொல்வது எளிது. ஆனால் அந்தப் பெயரை நம்பி நீங்கள் வாங்கப்போகிற படகை நான் பார்த்ததில்லையே. ஃபைபர் படகு பெரும்பாலும் கைவேலைதான். அச்சுக்குள் முதலில் ஜெல்கோட், அதாவது படகின் பளபளப்பான வெளிப்பூச்சை அடிப்பார்கள். அது இறுகி வரும் பதத்தில் கண்ணாடி இழை விரிப்பை (மேட்) விரித்து, ரெசின் என்ற பசையால் நனைத்து, உருளையால் காற்றுக் குமிழ்களை அழுத்தி வெளியேற்றி, அடுத்த அடுக்கை வைப்பார்கள். அன்று பட்டறையில் எவ்வளவு ஈரப்பதம், ரெசினை இறுக்கும் ஹார்டனர் சரியான அளவில் கலந்ததா, உருளை பிடித்தவர் அவசரத்தில் இருந்தாரா, நிதானமாகச் செய்தாரா என்பதெல்லாம் அந்த ஒரு படகுக்குள் நிரந்தரமாகப் பதிந்துவிடும். ஒரே அச்சில் வந்த இரண்டு படகுகளில் ஒன்று பல வருடம் கழித்தும் கல்லாக இருப்பதையும், மற்றது மேல்தளம் தொய்ந்து கிடப்பதையும் பட்டறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

அதனால் நான் முதலில் பார்ப்பது மூட்டுகளை. சிறு படகு நடுப்பக்கத்தில் உடைவது அபூர்வம். ஒன்றோடொன்று சேருகிற இடத்தில்தான் அது தோற்கும்.

பெரிய மூட்டு, உடலும் மேல்தளமும் சேரும் விளிம்பு. இரண்டையும் தனித்தனி அச்சில் செய்து கடைசியில் சேர்க்கிறார்கள். அதை ரப்பர் பட்டை மூடிவிடுவதால் வெளியிலிருந்து எல்லாப் படகும் ஒரே மாதிரிதான் தெரியும். உள்ளே போய், நங்கூரப் பெட்டிக்குள் தலையை விட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் தடவி, இடைவெளி விட்டு அலுமினிய ரிவெட் அடித்ததோடு விட்டிருந்தால் அது வேகமாக முடிக்கப்பட்ட வேலை. ஒட்டும் பசையோடு நட்டு போல்ட் போட்டு முடுக்கியிருந்தால் நல்லது. அதற்கும் மேல், உட்புறம் முழுக்க ஃபைபர் பட்டை ஒட்டி இரண்டையும் ஒரே உடலாக ஆக்கியிருந்தால், செய்தவர் தன் பெயரை மதித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்புக்குக் கீழே பழுப்புக் கோடுகள் இறங்கியிருந்தால் தண்ணீர் அந்த வழியாக வருகிறது.

அடுத்தது செயின்பிளேட். பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் பக்கக் கம்பிகள் வந்து சேரும் உலோகப் பட்டை அது. பெரும்பாலும் மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே மரச் சுவரில் போய்ப் பூட்டப்பட்டிருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. அதன் மேல் இருக்கும் காப்புப் படலம் நிலைக்கக் காற்று வேண்டும். ஈரம் தேங்கி, காற்றுப் படாத இடத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். மேல்தளத்தின் தடிமனுக்குள் மறைந்திருக்கும் அந்த ஒரு விரல் அளவுப் பகுதி அப்படிப்பட்ட இடம்தான். மேலே பளபளப்பு, கீழே பளபளப்பு, நடுவில் விரிசல். சந்தேகம் இருந்தால் கழற்றித்தான் பார்க்க வேண்டும். அந்தப் பட்டை பூட்டியிருக்கும் மரச் சுவரின் அடியையும் ஒரு கூரான கம்பியால் குத்திப் பாருங்கள். கம்பி இறங்கினால் மரம் உளுத்துவிட்டது.

அப்புறம், கண் போகாத இடத்தில் கையை விடுங்கள். லாக்கருக்குள் மேல்பக்கத்தைத் தடவுங்கள். ரெசின் சேராமல் வெள்ளையாக நார் நாராக நிற்கிறதா? கயிறு கட்டும் கிளீட்டின் போல்ட்டுக்குப் பின்னால் ஒரு தகடு இருக்கிறதா, வெறும் வாஷரா? ஒரு முறை பத்தொன்பது அடிப் படகு ஒன்று வேலைக்கு வந்தது. வெளியே முகம் பார்க்கலாம், அவ்வளவு மினுக்கம். முன்பக்கக் கிளீட்டுக்கு உள்ளே காசளவு வாஷர்தான் இருந்தது. காற்றடித்த ஒரு இரவில் அந்தக் கிளீட் மேல்தளத்தையும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு வைத்திருந்தால் அந்தப் படகு என்னிடம் வந்திருக்காது. கம்பெனிப் பெயர் வேண்டாம். அந்த வாஷரைப் பல பெயர்களின் கீழும் பார்க்கலாம்.

சரி, பெயரே சொல்லாமல் விட்டால் உங்களுக்கு வருத்தம். ஒரே படகைப் பல பத்தாண்டுகள் விடாமல் செய்தவர்களை நான் நம்புவேன். ஃப்ளையிங் ஸ்காட் என்ற 19 அடிப் படகைச் சாண்டி டக்ளஸ் 1957-இல் வரைந்தார். அமெரிக்காவில் 6,000-க்கும் மேல் அதைச் செய்திருக்கிறார்கள். காட்டலினா 22, 1960-களின் கடைசியில் ஃபிராங்க் பட்லர் வரைந்தது, 15,000-ஐத் தாண்டியது. இத்தனை படகு வெளியே போனால் எந்த இடம் தேயும், எந்த இடம் உடையும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும், மாற்றுப் பாகமும் கிடைக்கும். காட்டலினா 22-இல் மேலே தூக்கும் வகைக் கீல் (படகின் அடியில் இறங்கி நிற்கும் கனமான பாகம்) இருந்தால் அது தொங்கும் அச்சாணியைப் பாருங்கள். வார்ப்பிரும்பில் இருக்கும் அந்தத் துளை தேய்ந்தால் கீல் இப்படியும் அப்படியும் ஆடி, நாளடைவில் தேய்மானத்தை இன்னும் பெரிதாக்கும். படகு டிரெய்லரில் இருக்கும்போதே கீலை இரண்டு கையால் பிடித்து ஆட்டினால் தெரிந்துவிடும்.

கே: அந்தக் காலத்து ஃபைபர் படகுகள் கனமாக, தடிமனாக இருக்கும், இப்போது வருவதெல்லாம் மெல்லிசு, தரம் போய்விட்டது என்கிறார்கள். உண்மையா?

ப: தடிமன் உண்மை. தரம் போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கார்ல் ஆல்பெர்க் வரைந்த பியர்சன் டிரைட்டன் என்ற 28 அடிப் படகு 1959-இல் வெளிவந்தபோது, ஃபைபர் எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்ல அனுபவம் போதாது. அந்தத் தலைமுறைப் படகுகளைத் தடிமனாகவே செய்தார்கள். இன்றும் அவை ஓடுகின்றன, அதற்கு அந்தத் தாராளம் ஒரு காரணம். ஆனால் பலம் தருவது கண்ணாடி இழை. ரெசின் அந்த இழைகளைப் பிடித்து வைக்கும் பசை மட்டுமே. வெட்டிய இழை மேட்டைக் கையால் நனைத்துச் செய்தால் எடையில் முப்பது சதவீதம் போலத்தான் கண்ணாடி, மிச்சம் ரெசின். நெய்த துணியைப் பிளாஸ்டிக் உறையால் மூடி, காற்றை உறிஞ்சி, ரெசினை உள்ளே இழுக்கும் இன்ஃப்யூஷன் முறையில் கண்ணாடி அறுபது சதவீதத்தையும் தாண்டும். மெல்லிசாக இருந்தும் அது அதிக இழுவிசை தாங்கும். தடிமனான பழைய உடலின் ஒரு பகுதி, இருக்கத் தேவையில்லாத ரெசின்.

மெல்லிசு எங்கே ஆபத்து என்றால், விறைப்பில். விறைப்பு தடிமனைப் பொறுத்தது, தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும். அதனால்தான் நல்ல கம்பெனிகள் இரண்டு மெல்லிய ஃபைபர் தோலுக்கு நடுவே ஃபோம் அல்லது பல்சா என்ற லேசான மரக் கட்டையை வைக்கின்றன, அல்லது உள்ளே விலா எலும்பு மாதிரி தாங்கிகள் ஒட்டுகின்றன. நடு அடுக்கும் இல்லை, தாங்கியும் இல்லை, தோலும் மெல்லிசு என்றால் அது காசு மிச்சம் பிடித்த படகு. படகு டிரெய்லரில் நிற்கும்போது முன்பக்கத்துத் தட்டையான இடத்தில் உள்ளங்கையை வைத்து உடம்பு எடையைக் கொடுங்கள். உள்ளே போய் வெளியே வந்தால், அலையில் அது நாள் முழுக்க அப்படித்தான் ஆடிக்கொண்டிருக்கும்.

கே: மேல்தளத்தில் நடந்தால் ஒரு இடம் மட்டும் மெத்தென்று இறங்குகிறது. விற்பவர், பழைய படகில் அது சகஜம் என்கிறார்.

ப: சகஜம்தான், அதற்காக விட்டுவிடக் கூடாது. நடு அடுக்கில் இருக்கும் பல்சா கட்டைக்குத் தண்ணீர் போயிருக்கிறது. பல்சாவை நார் நிமிர்ந்து நிற்கும்படி சின்னச் சின்னத் துண்டுகளாக அடுக்குவதால், ஓர் இடத்தில் புகுந்த தண்ணீர் பக்கவாட்டில் மெதுவாகத்தான் பரவும். ஆனால் துண்டுகளுக்கு இடையே உள்ள வெட்டுகளில் ரெசின் நிரம்பாமல் விட்டிருந்தால் தண்ணீருக்கு அதுவே வாய்க்கால். பிளைவுட் வைத்த படகுகளில் இன்னும் மோசம், நார் படுத்திருப்பதால் ஈரம் வெகு தூரம் ஓடும்.

ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று பதில் சொல்லும், கெட்ட இடம் மொத்தென்று அடங்கும். கெட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டால் நோயின் அளவு தெரிந்துவிடும். ஒரு கிளீட்டைச் சுற்றி ஒரு சாண் என்றால் வாங்கலாம். பாய்மரத்தின் அடியில் என்றால் நன்றாக யோசியுங்கள், அங்கே மேல்தளம் கம்பிகளின் இழுவை முழுவதையும் கீழ்நோக்கித் தாங்குகிறது.

இதில் கம்பெனி மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. மேல்தளத்தில் துளை போடும் இடத்திலெல்லாம் நடு அடுக்கை நீக்கிவிட்டு முழு ஃபைபராகவே செய்வது அச்சில் இருக்கும்போது மிகச் சின்ன வேலை. அதைச் செய்யாமல், பல்சாவைத் துளைத்து சீலன்ட் தடவி ஸ்குரூ முடுக்கினால், சீலன்ட் காய்கிற நாளில் அழுகல் தொடங்கும். உங்கள் படகில் எந்தச் சாமானை மாற்றினாலும், துளையைப் பெரிதாக்கி, எபாக்ஸிப் பசை நிரப்பி, அது இறுகியபின் நடுவில் புதுத் துளை போடுங்கள். அதன் பிறகு சீலன்ட் தோற்றாலும் தண்ணீர் கட்டையைத் தொடாது.

கே: பழைய லேசர் ஒன்று கிடைக்கிறது. ஒரே படகை லேசர் என்றும் ஐ.எல்.சி.ஏ. என்றும் சொல்கிறார்கள். யார் செய்தது நல்லது?

ப: புரூஸ் கர்பி வரைந்து 1971-இல் விற்பனைக்கு வந்த அதே படகுதான். 1996-இலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது, 2,00,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். 2019-இல் இந்தப் படகு வகைக்கான சங்கத்துக்கும் ஒரு தயாரிப்பாளருக்கும் ஏற்பட்ட பிணக்கில் சங்கம் தன் படகுக்கு ஐ.எல்.சி.ஏ. என்று பெயர் மாற்றி, பல நாடுகளில் புதுத் தயாரிப்பாளர்களை அனுமதித்தது. எல்லோரும் ஒரே வரைபடத்துக்கு, ஒரே அளவுக்குச் செய்ய வேண்டும் என்பதால் பழைய லேசர் வாங்குபவர் தயாரிப்பாளர் பெயரை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது பாய்மரம் செருகும் குழியைப் பற்றி. லேசரில் பாய்மரத்தைப் பிடிக்கக் கம்பி எதுவும் கிடையாது, முழு விசையும் அந்தக் குழியில்தான். குழி நிறையத் தண்ணீர் ஊற்றி, மட்டத்தைக் குறித்துவிட்டுப் படகை மற்ற இடங்களில் பாருங்கள். திரும்பி வரும்போது மட்டம் இறங்கியிருந்தால் குழியின் அடி மூட்டு விட்டுவிட்டது. அப்படியே ஓட்டினால் ஒரு நாள் பாய்மரம் மேல்தளத்தைக் கிழித்துக்கொண்டு சாயும். மேல்தளத்தில் வட்ட மூடி ஒன்று வெட்டி, உள்ளே கை விட்டு எபாக்ஸியும் துணியும் வைத்துச் சரிசெய்யலாம், நல்ல பழுதுபார்ப்பும்தான். பிறகு படகை எடை போடுங்கள். உடல் 59 கிலோ இருக்க வேண்டும். அதைவிட நன்றாகக் கூடியிருந்தால் உள்ளே ஈரம் தங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

கே: பிள்ளைகள் கற்றுக்கொள்ள பிளாஸ்டிக் படகு வாங்கலாமா? ஃபைபர்காரர்கள் அதைக் கேவலமாகப் பேசுகிறார்கள்.

ப: தாராளமாக வாங்குங்கள். பிள்ளைகள் படகைக் கல்லில் மோதுவார்கள், கரையில் இழுப்பார்கள், ஒன்றின் மேல் ஒன்றை விடுவார்கள். ஃபைபரில் ஒவ்வொன்றும் ஒரு பழுது.

இயன் ப்ராக்டர் வரைந்த டாப்பர் என்ற சிறு படகை 1970-களிலேயே உருக்கிய பாலிப்ரொப்பிலீனை அச்சுக்குள் அழுத்தித் தயாரித்தார்கள், 3.4 மீட்டர் நீளம். இப்போது பெரும்பாலும் ரோட்டோமோல்டிங். பாலிஎத்திலீன் பொடியை மூடிய அச்சில் போட்டு, சூளையில் இரண்டு திசைகளில் சுழற்றுவார்கள். உருகி உட்சுவர் முழுக்க ஒட்டிக்கொள்ளும். மூட்டே இல்லாத படகு, என் கணக்கில் அதற்கு முதல் மதிப்பெண். ஆர்.எஸ். ஃபேவா போன்றவற்றில் மூன்று அடுக்கு, நடு அடுக்கு நுரை, அதனால் விறைப்பும் ஓரளவு வருகிறது.

அதன் குறைகள் எடையும் பழுதுபார்ப்பும். 3.64 மீட்டர் ஃபேவாவின் உடல் 63 கிலோ. லேசர் அதைவிட நீளம், ஆனால் எடை குறைவு. பாலிஎத்திலீனில் எந்தப் பசையும் ஒழுங்காக ஒட்டாது, விரிசல் விட்டால் அதே பிளாஸ்டிக் கம்பியைச் சூடான காற்றால் உருக்கி வெல்டு செய்ய வேண்டும், அதற்குப் பழகிய கை வேண்டும். வெயிலில் டிரெய்லரில் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டுப் போகாதீர்கள். அடிப்பாகம் அப்படியே அமுங்கிப்போகும்.

கே: படகில் ஒட்டியிருக்கும் சி.இ. (ஐரோப்பியச் சான்று) தகட்டில் சி என்று போட்டிருக்கிறது. இது மூன்றாம் தரம் என்று அர்த்தமா?

ப: இல்லை. அந்த எழுத்து எந்தக் காற்றுக்கும் அலைக்கும் படகு வரையப்பட்டது என்பதைத்தான் சொல்கிறது. சி என்றால் காற்றின் வேகத்துக்கான பியூஃபோர்ட் வரிசையில் ஆறாம் எண் காற்று, இரண்டு மீட்டர் அலை வரை. பி என்றால் எட்டாம் எண் காற்று, நான்கு மீட்டர் வரை. ரிவெட் அடித்தவர் ஒழுங்காக அடித்தாரா என்று அது சொல்லாது. சின்னப் படகுகளில், டி வகைக்குத் தயாரிப்பாளரே தன் படகுக்குத் தானே சான்று கொடுக்கவும் விதி இடம் தருகிறது. தகட்டைவிட, பின்பக்கம் வலது மூலையில் பொறித்திருக்கும் உடல் எண்ணைப் படியுங்கள். அமெரிக்கப் படகுகளில் 1972-க்குப் பிறகு அது கட்டாயம். முதல் மூன்று எழுத்து தயாரிப்பாளர், 1984-க்குப் பிந்தைய படகுகளில் கடைசி இரண்டு இலக்கம் மாடல் ஆண்டு. விற்பவர் சொல்லும் வயதும் அந்த இலக்கமும் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

கே: அடிப்பாகத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். படகு போய்விட்டதா?

ப: போகவில்லை. ஜெல்கோட் வழியாக மெல்ல ஊடுருவிய தண்ணீர், சரியாக இறுகாத ரெசினின் மிச்சங்களைக் கரைத்து, இன்னும் தண்ணீரை இழுத்து, தோலை உப்ப வைக்கிறது. வருடக்கணக்கில் தண்ணீரிலேயே கிடந்த படகுக்கு வரும் வியாதி இது, டிரெய்லரில் வைக்கும் படகுக்கு அரிது. உடைத்து, கழுவி, நன்றாகக் காய வைத்து, எபாக்ஸி பூசுங்கள். காய வைப்பதில்தான் எல்லோரும் பொறுமை இழக்கிறார்கள், மாதக்கணக்கில் ஆகலாம்.

கே: சிறு பாய்மரப் படகில் பெருங்கடலைக் கடந்திருக்கிறார்களே, அவையெல்லாம் விசேஷமாகச் செய்த படகுகளா?

ப: சில, கடையில் விற்ற படகுகள்தான். டானியா ஏபி 1985-இல் பதினெட்டு வயதில் நியூயார்க்கிலிருந்து கிளம்பி, 1987-இல் உலகைச் சுற்றி வந்து சேர்ந்தது கான்டெசா 26-இல். ஜெரமி ராஜர்ஸின் பட்டறையில் 1960-களில் தொடங்கிய வரிசை அது, ஃபோக்போட் என்ற பழைய மரப்படகின் வடிவத்தை ஒட்டியது. அதில் எனக்குப் பிடித்தது சுக்கான். நீளமான கீலின் பின்விளிம்பில் அது அமர்ந்திருக்கிறது, தனியாகத் தொங்கி அலையிடம் அடி வாங்குவதில்லை.

ஃபிராங்க் டை 1960-களில் வேஃபேரரில் ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் போனார். அது பதினாறு அடிகூட இல்லாத திறந்த படகு, 1957-இல் இயன் ப்ராக்டர் வரைந்தது. நார்வே பயணத்தில் புயலில் கவிழ்ந்தது, பாய்மரம் முறிந்தது. ஆனால் முன்னும் பின்னும் இருந்த மூடிய காற்றறைகள் படகை மிதக்க வைத்தன, நிமிர்த்தித் தண்ணீரை இறைக்க முடிந்தது. அவருடைய கடலோடித் திறமை எல்லோருக்கும் வராது. ஆனால் எந்தச் சிறு படகு வாங்கினாலும் அந்தக் காற்றறை மூடிகளின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வெடித்திருந்தால் அறை இருந்தும் இல்லாத மாதிரி.

கே: படகைப் பார்க்கப் போனால் விற்பவர் பக்கத்திலேயே நிற்கிறார், தட்ட விடமாட்டேன் என்கிறார். ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு இடம் பார்க்கலாம் என்றால் எங்கே பார்ப்பீர்கள்?

ப: தட்ட விடாதவரிடம் வாங்கவே மாட்டேன். ஆனாலும் ஐந்து நிமிடம் கிடைத்தால், தரைப் பலகையைத் தூக்கி அடிக்குழியில் டார்ச் அடிப்பேன். சுவரில் தண்ணீர் நின்ற கறைக் கோடு ஒன்று இருக்கும். அது விரல் உயரத்தில் இருந்தால் மழைத் தண்ணீர். மரச் சுவர்களின் அடியை மூடும் உயரத்தில் இருந்தால், அந்தச் சுவர்கள் எவ்வளவோ காலம் ஊறியிருக்கின்றன, செயின்பிளேட் அவற்றில்தான் பூட்டியிருக்கிறது. சுவரைப் படகின் உடலோடு பிணைக்கும் ஃபைபர் பட்டை அந்தச் சுவரை விட்டு விலகி நிற்கிறதா என்று நகத்தால் நெம்பிப் பார்ப்பேன். விலகியிருந்தால் பலகையைத் திரும்ப வைத்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பிவிடுவேன். விலகவில்லை என்றால், இன்னொரு நாள் தட்டிப் பார்க்க நேரம் கேட்பேன்.